அதென்ஸ் மக்களின் தீர்மானங்கள்

சங்கக் கூட்டமொன்றிலே ஒருவர் எழுந்து தீர்மானமொன்றைப் பிரேரிக்கிறார், மற்றொருவர் ஆமோதிக்கிறார், கூடியிருப்போர் கையுயர்த்துகின்றனர், காரியதரிசி அதனைக் கூட்டக் குறிப்பிற் பதிந்துகொள்கிறார். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறையேனும் சமுகமளித்தவர்க்கு இந்நடைமுறை புதியதன்று. அனுதாபம் தெரிவித்தலும், நன்றி கூறலும், கட்டட நிதிக்குப் பணம் சேர்த்தலுமே பெரும்பாலும் அத்தீர்மானங்களின் பொருளாகும். ஆனால் இம்முறையையே கைக்கொண்டு ஒரு நகரம் ஏறத்தாழ 200 ஆண்டுக் காலம் தன்னைத்தானே ஆண்டுவந்தது. போர் தொடுத்தலும் உடன்படிக்கை செய்தலும், வரி விதித்தலும், அந்நியனுக்குக் குடியுரிமை வழங்கலும், தோற்ற ஊரின் ஆடவரையெல்லாம் கொல்லுமாறு பணித்தலும் அங்கே கையுயர்த்தலினாலேயே முடிவாயின. அந்நகரம் கிரேக்க நாட்டின் அதென்ஸ். அங்கு நிறைவேறிய தீர்மானங்கள் எவ்வாறு பிறந்தன, எத்துணை வலிமை பெற்றிருந்தன, அவ்வலிமையை மக்கள் தாமே எவ்வாறு கட்டுப்படுத்தினர் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவாம்.

கிரேக்கர் இத்தீர்மானத்தைச் 'செபிஸ்மா' என்றனர். 'செபோஸ்' என்பது கூழாங்கல். கல்லை இட்டு வாக்களித்த பழைய வழக்கத்திலிருந்து இச்சொல் பிறந்தது. பிற்காலத்தில் மக்கட்பேரவை பெரும்பாலும் கையுயர்த்தியே முடிவு செய்தபோதும் பெயர் மட்டும் மாறாது நின்றது. சொற்கள் வழக்கத்தினும் நீண்ட ஆயுளுடையன போலும்.

பேரவை கூடிய இடம் பினிக்ஸ் என்னும் குன்றுச் சரிவு. ஏறத்தாழ 6000 பேர் அதில் அமரலாம். வயது வந்த ஆண் குடிகள் மாத்திரமே அங்கு வரலாம். பெண்களுக்கும், அடிமைகளுக்கும், அந்நகரில் வாழ்ந்த வெளியூரார்க்கும் இடமில்லை. 'மக்கள்' என்று அதென்ஸ் தன்னைக் கூறிக்கொண்டபோது அச்சொல்லுள் அடங்கியோர் நகரின் சிறுபகுதியினரே என்பதை மறத்தலாகாது. கி. மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டைப் பத்துக் கூறாக வகுத்து, ஒவ்வொரு கூறிலும் நான்குமுறை பேரவையைக் கூட்டினர். வந்தவர்க்குக் கூலியும் கொடுத்தனர். கி. மு. 403க்குப் பின் ஓர் ஒபோலாகத் தொடங்கிய அக்கூலி சில ஆண்டுகளுள் மூன்று ஒபோலாக உயர்ந்தது. அரிஸ்டோட்டிலின் காலத்தில் சாதாரண கூட்டத்துக்கு ஒரு திராக்மா, அதாவது ஆறு ஒபோல். அதற்கு முந்திய நூற்றாண்டிலே கூலியில்லை. கடைத்தெருவிற் பேசிக்கொண்டு நிற்போரைச் செஞ்சாயம் தோய்த்த கயிற்றை இழுத்துப் பேரவைக்கு விரட்டியதாக அரிஸ்தொபனீஸ் தம் நாடகத்திற் கேலி செய்கிறார்.

எந்த விடயமும் நேரே பேரவைக்கு வருதல் இயலாது. பத்துக் குலங்களிலிருந்தும் குலத்துக்கு 50 பேராகத் திருவுளச்சீட்டினால் தெரியப்பட்ட ஐந்நூற்றுவர் மன்றம் அதனை முதலில் ஆராய்ந்து, முன்வரைவாகவோ வெறுந் தலைப்பாகவோ பேரவையின் முன் வைக்கும். ஒவ்வொரு குலத்து ஐம்பதின்மரும் ஆண்டின் பத்திலொரு பங்கில், 35 அல்லது 36 நாள், அம்மன்றத்தின் நிருவாகக் குழுவாய் இருப்பர். அவருள் ஒருவர் ஒரு பகலும் ஓர் இரவும் அக்கிராசனராவார். அதுவும் சீட்டுக் குலுக்கலே. ஒருவர்க்கு வாழ்நாளில் ஒரேமுறை. அந்த ஒருநாளில் அரச முத்திரையும், கருவூலம் இருந்த கோயில்களின் திறவுகோல்களும் அவர் கையில் இருக்கும். 5ஆம் நூற்றாண்டில் அன்று பேரவை கூடினால் அதற்குத் தலைமை தாங்குபவரும் அவரே. நேற்றுவரை தோல் பதனிட்ட ஒருவர் இன்று அரசின் தலைவர். நாளை மீண்டும் தோல் பதனிடுவார். இம்முறையைப் பிளேட்டோ போன்றோர் வெறுத்தனர். ஆயினும் இவ்வாறு ஒருநாள் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கினராய் நகரெங்கும் பரந்திருந்தமையினாலேயே தீர்மானமென்பது அங்கே எவர்க்கும் மறைபொருளாக இருக்கவில்லை.

முன்வரைவு படிக்கப்பட்டதும், பேச விரும்புபவர் யார் என்று கட்டியகாரன் கூவுவான். எவரும் எழலாம்; திருத்தமும் பிரேரிக்கலாம். முடிவானது பப்பைரசுத் தாளில் எழுதி வைக்கப்படும். சிறப்பெனக் கருதியவற்றை மாத்திரம் கல்லிற் பொறித்து அக்குரொபொலிஸ் குன்றின்மீதோ வேறு பொதுவிடத்திலோ நாட்டுவர். அக்கல்லின் தலைப்பு வாசகத்தைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். மன்றத்துக்கும் மக்களுக்கும் நன்றெனத் தோன்றிற்று என்று தொடங்கி, நிருவாகக் குழுவாயிருந்த குலத்தின் பெயரும், காரியதரிசியின் பெயரும், அக்கிராசனரின் பெயரும், ஈற்றில் பிரேரித்தவரின் பெயரும் அதில் வரும். முடியரசர் கல்வெட்டுக்களில் ஓர் அரசன் பெயரே விளங்கும். இங்கோ மக்கள் என்னும் பெயருக்கு அடுத்தபடி ஒரு தனி மனிதனின் பெயர் நிற்கிறது. முடிவு செய்தவர் மக்கள், சொன்னவர் இன்னார். இவ்விரண்டையும் அதென்ஸ் ஒருபோதும் பிரித்ததில்லை. பின்னர் யாம் காணப்போகும் வழக்குகளெல்லாம் இந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே எழுந்தவை.

திருத்தங்களையும் அவர்கள் மூலத்தோடு கலந்து எழுதவில்லை. கல்கிஸ் என்னும் ஊர் கிளர்ச்சி செய்து அடங்கியபின் அதென்ஸ் அதனோடு செய்த ஏற்பாட்டைக் கூறும் கல்லொன்று உண்டு. கி. மு. 446ஐ ஒட்டியது அஃது என்பது நெடுநாளைய கொள்கை, பிற்பட்டதென்பாரும் உளர். அதிலே தியொக்னெற்றஸ், அந்திகிளீஸ், ஆகெஸ்திராத்தஸ் என மூவர் பெயர் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாமவர் கொணர்ந்தது ஒரு திருத்தம். கல்கிஸ் மக்கள் தம்மூரவர் குற்றங்களைத் தாமே விசாரிக்கலாம். ஆனால் நாடு கடத்தல், மரணதண்டனை, குடியுரிமை பறித்தல் என்பன மட்டும் அதென்ஸ் நீதிமன்றுக்கு மேன்முறையீடாக வரல்வேண்டும் என்பது அதன் கருத்து. அன்று யார் என்ன சேர்த்தார் என்பதைக் கூட்டக் குறிப்புப் போல இன்றும் படித்தறியலாம். கல்கிஸ் மக்களுக்கு அப்பேரவையிற் கையுயர்த்தும் உரிமை இருக்கவில்லை என்பதையும் உடன் சொல்லல் வேண்டும். அதென்சின் தீர்மானங்கள் அதென்சை மட்டுமன்றி, கடல் கடந்த கூட்டாளி நகரங்களையும் ஆண்டன. அந்நகரங்களில் எந்த நாணயமும் நிறையும் அளவையும் வழங்கவேண்டும் என்று விதித்த தீர்மானமொன்றின் துண்டுகள் பல்வேறு ஊர்களிற் கிடைத்துள்ளன.

கையுயர்த்தலின் ஆற்றல் எத்தகையது என்பதைக் கி. மு. 427இல் நிகழ்ந்த ஒன்றே போதிய அளவு காட்டும். லெஸ்பொஸ் தீவிலுள்ள மித்திலீன் நகரம், ஸ்பாட்டாவோடு அதென்ஸ் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், அதற்கு முந்திய ஆண்டு கிளர்ச்சி செய்தது, முற்றுகையிடப்பட்டுப் பணிந்தது. செய்தி வந்ததும் பேரவை சினங்கொண்டு கூடிற்று. மித்திலீனின் வயது வந்த ஆடவர் அனைவரையும் கொல்லுக. பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குக என்று தீர்மானித்தது. அன்றே ஒரு போர்க்கப்பல் அவ்வாணையைத் தாங்கிப் புறப்பட்டது.

மறுநாள் காலையில் நகரத்தார் மனம் வேறுபட்டது. குற்றவாளிகளை மட்டுமன்றி ஓர் ஊரையே அழித்தல் கொடிதெனப் பலர் பேசத் தொடங்கினர். மித்திலீனிலிருந்து வந்திருந்த தூதர் அதனை உணர்ந்து அதிகாரிகளை அணுக, பேரவை மீண்டும் கூட்டப்பட்டது. இதனை வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் விரிவாக எழுதியுள்ளார். முதல்நாள் தீர்மானத்தை வெற்றிபெறச் செய்த கிளியோன் எழுந்து, ஒரு சனநாயகம் பேரரசை ஆளத் தகுதியற்றதென்பதை இன்று காண்கிறேன் என்ற கருத்துப்படப் பேசினான். நல்லனவாயினும் நிலையற்ற சட்டங்களை உடைய நகரத்தினும், குறையுடையனவாயினும் மாறாத சட்டங்களை உடைய நகரமே வலியது என்பது அவன் வாதம். கேட்பதற்கு இது நேரிய வாதமாகவே தோன்றும். ஆனால் அவன் காத்து நின்றது சட்டமன்று. முந்தினநாட் கோபத்தில் எழுந்த தீர்மானம். நேற்றைய தீர்மானத்துக்குச் சட்டத்தின் ஆடையை அணிவித்துப் பேசியமையே அவனது சாதுரியம். இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டென்பதை அதென்ஸ் வகுத்துரைக்க அதற்குப்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு சென்றது. அதற்காக அது கொடுத்த விலையும் பெரிது.

கிளியோனுக்கு விடையளித்தவர் தியொதொத்தஸ் என்பவர். வரலாற்றில் வேறெங்கும் இவர் பெயரைக் காண்கிலேம். இந்த ஒரு வாதத்தினாலேயே அறியப்படுகிறார். இரக்கத்தை அவர் துணைக்கழைக்கவில்லை. பணிந்தாலும் பணியாவிட்டாலும் சாவே முடிவென்று தெரிந்தால், இனிக் கிளர்ச்சி செய்யும் எந்த ஊரும் கடைசிவரை போரிடும்; முற்றுகைச் செலவும் பெருகும், பாழூரிலிருந்து திறையும் வராது; ஆகவே கொலை நமக்கே இலாபமன்று என்று கணக்குக் காட்டினார். சினத்தில் இருக்கும் கூட்டத்துக்கு அறத்தினும் கணக்கே எளிதில் ஏறும் என அவர் அறிந்திருந்தார் போலும். கைகள் உயர்ந்தபோது இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன. தியொதொத்தசின் பக்கம் சிறிது மிகுந்தது.

முதற் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது. இரண்டாவது கப்பல் விரைந்து புறப்பட்டது. மித்திலீன் தூதர் துடுப்பு வலிப்போர்க்கு மதுவும் வாற்கோதுமை மாவும் கொடுத்து, முந்திச் சேர்ந்தால் பெரும் பரிசும் தருவதாக வாக்களித்தனர். அவர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவை உண்டுகொண்டே துடுப்பு வலித்தனர்; முறைவைத்து உறங்கினர். எதிர்க்காற்றும் அடிக்கவில்லை. முன்சென்ற கப்பலோ, கொடுஞ்செயலுக்குச் செல்வதாலே விரைவின்றிச் சென்றதாம். 200 மைலுக்கு மேற்பட்ட கடல்வழி அது. முதற் கப்பல் முந்தியே கரையடைந்தது. தளபதி பாக்கீஸ் தீர்மானத்தைப் படித்து அதனை நிறைவேற்ற ஆயத்தமாகியபோது இரண்டாவது துறையை அடைந்தது. நகரம் பிழைத்தது. ஆயினும் கிளர்ச்சிக்குக் காரணரெனப்பட்டு அதென்சுக்கு அனுப்பப்பட்டிருந்தோர், ஆயிரத்துக்கு மேற்பட்டவர் என்பது தூசிடைடீசின் பிரதி தரும் எண், கிளியோன் பிரேரணையின்படி கொல்லப்பட்டனர்.

இக்கதையை எடுத்துரைப்போர் பலர் இரண்டாவது கப்பலோடு நிறுத்திவிடுவர். ஸ்கியோனே என்னும் ஊர் கிளர்ந்தெழுந்தபோது, கி. மு. 423இல், அதன் ஆடவரைக் கொல்லும் தீர்மானத்தை அதே கிளியோன் பிரேரித்தான். இரண்டாண்டின் பின் ஊர் வீழ்ந்தது, தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அப்போது கிளியோனும் உயிரோடில்லை; அவன் பிரேரணை உயிரோடிருந்தது. அங்கே இரண்டாவது கப்பல் எதுவும் செல்லவில்லை.

மக்களின் தீர்மானம் அவர்களையே தாக்கிய நிகழ்ச்சி கி. மு. 406இல் நேர்ந்தது. ஆகினூசேத் தீவுகளருகே அதென்ஸ் கடற்படை ஸ்பாட்டாவை வென்றது. பகைவர் கப்பல்களில் 70க்கு மேற்பட்டவை அழிந்தன. அதென்ஸ் இழந்தவை 25. உடைந்த அக்கப்பல்களில் தத்தளித்தோரை மீட்கப் புயல் இடங்கொடுக்கவில்லை. வெற்றி கொணர்ந்த படைத்தலைவர் எண்மருள் அறுவர் நகர் திரும்பினர். மீட்கத் தவறியமைக்காக அவர்கள்மேற் குற்றஞ் சாட்டப்பட்டது. முதற் கூட்டத்தில் அவர்களுக்கு இரங்கும் மனப்பான்மையே நிலவியது. ஆனால் பொழுது சாய்ந்து, உயர்த்திய கைகளை எண்ண முடியாத இருள் வந்தமையாற் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு மாலைப்பொழுதின் இருள் ஆறு உயிர்களின் விதியை மாற்றிற்று எனல் மிகையாகாது. இடையில் வந்த திருவிழாவில் உறவினரை இழந்தோர் துயரக்கோலம் பூண்டு திரண்டனர். அடுத்த கூட்டத்துக்குக் கலிக்செனஸ் என்பவன் மன்றத்தின் வழியாக ஒரு பிரேரணையைக் கொணர்ந்தான். தனித்தனி விசாரணை வேண்டாம். இரு சாடிகளில் கல்லிட்டு, அனைவர்மீதும் ஒரே வாக்கில் முடிவு செய்க என்பது அது.

இது சட்டத்துக்கு மாறானது என்று யூரிப்தொலெமஸ் என்பவர் தடுத்தார். மக்கள் தாம் விரும்பியதைச் செய்யவிடாது தடுப்பதா என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. தடுப்போரையும் படைத்தலைவரோடு சேர்த்துத் தண்டிக்கலாம் என்ற அச்சுறுத்தல் எழுந்ததும் தடை மீளப்பெறப்பட்டது. நிருவாகக் குழுவினர் சிலர் இதனை வாக்குக்கு விட மறுத்தனர், பயமுறுத்தவே இணங்கினர். இணங்காது நின்றவர் ஒருவர் மட்டுமே. அவர் சோக்கிறட்டீஸ். அவ்வாண்டு அவர் மன்றத்தில் உறுப்பினராயிருந்தார். தனித்தனி விசாரணை வேண்டுமென்ற மாற்றுப் பிரேரணை முதலில் வென்றதாக அறிவிக்கப்பட்டு, ஆட்சேபத்தின்பேரில் மீண்டும் கையெண்ணப்பட்டுத் தோற்றது. அறுவரும் கொல்லப்பட்டனர். பெருந்தலைவர் பெரிக்கிளீசின் மகனும் அவருள் ஒருவன்.

மக்கள் விரைவிலேயே கழிவிரக்கங் கொண்டனர். தம்மை ஏமாற்றினோர்மேல் வழக்குத் தொடுக்குமாறு இன்னொரு தீர்மானத்தை நிறைவேற்றினர். கலிக்செனஸ் தப்பி ஓடி, கி. மு. 403இல் நகர் திரும்பி, யாவராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தான் என்று செனொபன் எழுதுகிறார். ஆணையிட்ட ஆயிரவர் கைகளுக்குத் தண்டனை ஏது? பெயர் கொடுத்தவனே பழியையும் ஏற்றான். இது முற்றிலும் நியாயமா என்று கேட்கலாம். தியொதொத்தசும் அன்றே அதனைச் சுட்டினார்: ஆலோசனை கூறுவோர் பொறுப்பேற்கின்றனர், கேட்டு வாக்களிப்போர் பொறுப்பேற்பதில்லை என்பது அவர் முறைப்பாடு.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றை மாணவர் வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பர். கி. மு. 404இல் அதென்ஸ் தோற்றது. ஸ்பாட்டாவின் ஆதரவோடு 'முப்பதின்மர்' ஆட்சி ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலே சனநாயகம் மீண்டது. மீண்ட சனநாயகம் செய்த முதன்மையான செயல்களுள் ஒன்று சட்டங்களைத் தொகுத்துச் சீர்ப்படுத்தியமை. அப்போது அவர்கள் வகுத்த விதி சுருக்கமானது: மன்றத்தின் தீர்மானமோ மக்களின் தீர்மானமோ எதுவும் சட்டத்தினும் மேம்பட்டதாகாது. சட்டம் எல்லார்க்கும் எக்காலத்துக்கும் பொது. தீர்மானம் ஒரு நிகழ்ச்சிக்கோ ஓர் ஆளுக்கோ உரியது. தனியொருவரைக் குறித்துச் சட்டம் இயற்றுவதாயின் 6000 பேர் மறைவாக வாக்களித்தல் வேண்டும். புதுச்சட்டம் இயற்றும் பொறுப்பும் பேரவையிடமிருந்து எடுக்கப்பட்டு, முப்பது வயது கடந்து யூரர்களாகச் சத்தியஞ் செய்தோரிலிருந்து தெரிந்த குழுவிடம் விடப்பட்டது. 406இல் மக்கள் விரும்பியதைச் செய்யவிடுங்கள் என்று ஆர்ப்பரித்த அதே மக்கள், தம் விருப்பத்துக்குத் தாமே வேலி கோலினர். அதென்சின் பெருமையைப் பேசுவோர் மரதன் போரையும் பாத்தினன் கோயிலையும் எடுத்துக்காட்டுவர். இவ்வேலியை அவற்றினும் குறைந்ததாக யான் கருதவில்லை.

வேலியைக் காக்கும் கருவியும் இருந்தது. சட்டத்துக்கு முரணான தீர்மானத்தைப் பிரேரித்தவர்மேல் எக்குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். இவ்வழக்குமுறை கி. மு. 415இலேயே வழங்கியமைக்குச் சான்றுண்டு. யூரிப்தொலெமஸ் கையாள முயன்றதும் இதுவே. 403க்குப் பின் இது அரசியலின் அன்றாடக் கருவியாயிற்று. வழக்குத் தொடுக்கப்போவதாக ஒருவர் சத்தியஞ் செய்த அக்கணமே தீர்மானம் நிறுத்திவைக்கப்படும். விசாரிப்போர் 501 அல்லது அதனின் மிக்க யூரர்கள். குற்றம் தீர்க்கப்பட்டால் தீர்மானம் அழியும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்கப்பட்டிருப்பின் பிரேரித்தவர்க்குத் தண்டமும் உண்டு. மும்முறை குற்றவாளியானவர் மேலும் பிரேரிக்கும் உரிமையை இழப்பார். வழக்குத் தொடுத்தவர்க்கும் ஆபத்திருந்தது: ஐந்திலொரு பங்கு வாக்கேனும் பெறாவிடின் 1000 திராக்மாத் தண்டம். அரிஸ்தொபன் என்னும் அரசியல்வாதி, இத்தகைய 75 வழக்குகளில் தாம் விடுதலை பெற்றதாகப் பெருமை பேசினாராம். பெருமைக்குரியது விடுதலையா, 75 முறை குற்றஞ்சாட்டப்பட்டமையா என்பது அவரவர் மனப்பான்மையைப் பொறுத்தது.

இவ்வழக்குகளுட் புகழ்பெற்றது தெசிபோன் மேல் எழுந்தது. நாவலர் டெமொஸ்தனீஸ் நகருக்குச் செய்த தொண்டினைப் பாராட்டிப் பொன்முடி சூட்டுமாறு கி. மு. 336இல் தெசிபோன் பிரேரித்தார். டெமொஸ்தனீசின் பகைவரான ஈஸ்கினீஸ் வழக்குத் தொடுத்தார். அரச பதவியிலுள்ளவர் கணக்குக் காட்டுமுன் முடி சூட்டலாகாது. நாடக அரங்கில் அதனை அறிவித்தலாகாது. தீர்மானத்திற் பொய்யுரை எழுதலாகாது என்பன குற்றச்சாட்டுக்கள். முதலிரண்டிலும் ஈஸ்கினீசின் சட்டவாதம் வலியதென்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆனால் வழக்கு ஆறாண்டு கழித்து, கி. மு. 330இல் விசாரணைக்கு வந்தபோது, அது மக்கெதோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து நின்ற அதென்சின் கொள்கை முழுவதையும் விசாரிக்கும் வழக்காகிவிட்டது. அப்போர் தோல்வியில் முடிந்திருந்தது. எனினும் எதிர்த்து நின்றது பிழையன்று என்று யூரர் கருதினர். ஈஸ்கினீஸ் ஐந்திலொரு பங்கு வாக்கும் பெறாது நகரை நீங்கினார். பேரவையிற் சில நாழிகையில் எழும் தீர்மானத்தை, இளைப்பாறி ஒரு பகல் முழுவதும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இரண்டாவது மக்கள் அவையாக நீதிமன்று இருந்தது. மித்திலீனுக்குச் சென்ற இரண்டாவது கப்பலுக்கு இது நிலையான ஒரு மாற்று என்று கூறலாம்.

மீண்டும் கற்களை நோக்குவாம். அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதோர் பலர் இருந்திருப்பர். ஆயினும் பார்க்க விரும்பும் எவரும் பார்க்கும்படி எழுதுக என்ற வாசகம் சில கற்களில் உண்டு. கூடவிருக்கும் கூட்டத்தின் பொருள்களையும் புதுச்சட்ட வரைவுகளையும் கடைவெளியில் வெள்ளை பூசிய பலகைகளில் எழுதி வைத்தனர். கல்லில் ஏறியதோ நெடுங்காலத்துக்கு. மெகாரா நகரத்தாரைத் துறைமுகங்களினின்றும் சந்தையினின்றும் விலக்கிய தீர்மானத்தைப் பற்றிப் புளூட்டாக் ஒரு கதை சொல்கிறார். அதனை நீக்குமாறு கேட்டு வந்த ஸ்பாட்டாத் தூதரிடம், எழுதிய பலகையை அகற்றச் சட்டம் இடந்தராது என்று பெரிக்கிளீஸ் கூற, அகற்ற வேண்டாம், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள், அதற்குச் சட்டத்தடை இல்லையே என்றாராம் தூதருள் ஒருவர். கதை உண்மையோ பொய்யோ, எழுதி நாட்டியது நிற்கும்வரை தீர்மானமும் நிற்கும் என்ற எண்ணத்தை அது காட்டுகின்றது.

முப்பதின்மரும் அவ்வாறே எண்ணினர். தம் ஆட்சியில் அவர்கள் கற்கள் சிலவற்றை அழித்தனர். தாசொஸ் தீவைச் சேர்ந்த அப்பெமந்தசின் புதல்வர் ஐவரை அதென்சின் நண்பராக அறிவித்த கல் அவற்றுள் ஒன்று. சனநாயகம் மீண்டபின், முப்பதின்மர் காலத்தில் அக்கல் அழிக்கப்பட்டமையால் மீண்டும் பொறிக்குக என்று மன்றம் முடிவு செய்தது. செலவு அச்சகோதரருள் ஒருவரான யூரிப்பிலசினுடையது. நகரின் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. தனக்குக் கிடைத்த மதிப்பைத் தானே பணங்கொடுத்துத் திரும்பப் பெற்றார். போரின் இறுதிவரை அதென்சைக் கைவிடாது நின்ற சாமொஸ் மக்களுக்குக் கி. மு. 405இல் வழங்கிய குடியுரிமைத் தீர்மானமும் மீட்சியின் பின்னரே இன்றுள்ள கல்லில் பொறிக்கப்பட்டது. அதன் தலையில் அதென்சின் தெய்வமாகிய அதீனாவும் சாமொசின் தெய்வமாகிய ஹேராவும் கைகோத்து நிற்கின்றனர்.

பிற்காலத்தில் பழைய தீர்மானங்களுக்கே தனி மதிப்பு உண்டாயிற்று. கி. மு. 480இல் பாரசீகர் வந்தபோது நகரைக் காலிசெய்து கப்பலேறுமாறு தெமிஸ்தொகிளீஸ் பிரேரித்ததாகக் கூறும் கல்லொன்று திரொய்சென் என்னும் ஊரிற் கிடைத்து, 1960இல் வெளியிடப்பட்டது. அதன் எழுத்துக்களோ கி. மு. 3ஆம் நூற்றாண்டின. மூலத்தைப் பார்த்துப் படியெடுத்ததா, பின்னோர் புனைந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

பயனுள்ள தீர்மானத்துக்கு ஓர் எடுத்துக்காட்டும் தருவாம். கி. மு. 330ஐ அடுத்து அதென்சில் உணவுப் பஞ்சம். ஒரு மெதிம்னஸ் அளவு கோதுமை 16 திராக்மா வரை விலையேறியது. அவ்வேளையில் சைப்பிரஸ் தீவின் சலாமிஸ் நகரத்து வணிகனான ஹெரக்கிளைதீஸ் முதல் வணிகனாக வந்து 3000 மெதிம்னசை 5 திராக்மா வீதம் விற்றான். பின்னர் தானியம் வாங்க 3000 திராக்மா நன்கொடையும் அளித்தான். கி. மு. 325இல் அவனுக்கு 500 திராக்மாப் பெறுமதியான பொன்முடியும், நிலமும் வீடும் வாங்கும் உரிமையும் வழங்கப்பட்டன. அவனைக் குறித்த ஐந்து தீர்மானங்களையும் ஒரே கல்லிற் பொறிக்க 30 திராக்மா ஒதுக்கினர். வழியில் கருங்கடற் கரையிலுள்ள ஹெரக்கிளையாவின் ஆட்சியாளன் தியொனிசியஸ் அவனது கப்பற் பாய்களைப் பறித்திருந்தான். அவற்றைத் திருப்பிக் கேட்கத் தூதரொருவரை, வழிச்செலவுக்கு 50 திராக்மா கொடுத்து அனுப்பவும் மக்கள் தீர்மானித்தனர். பிறரும் நகருக்கு உதவினால் தக்க மதிப்பைப் பெறுவர் என்று அறியும்பொருட்டு இதனைச் செய்கிறோம் என வெளிப்படையாகவே எழுதியுள்ளனர். புகழை விற்றுக் கோதுமை வாங்கினர் என்று சிரிப்பவர் சிரிக்கலாம். பஞ்சக்காலத்தில் வணிகனைச் சவுக்கால் அடித்து விலை குறைக்க முயன்ற ஆட்சிகளோடு ஒப்பிட்டால் 30 திராக்மாக் கல் மலிவே.

மூன்றாண்டுகளில் நிலைமை மாறிற்று. கி. மு. 322இல் மக்கெதோனியத் தளபதி அந்திப்பாத்தரிடம் அதென்ஸ் தோற்றது. 2000 திராக்மாச் சொத்துடையோரே குடிகளாவர் என்று அவன் விதித்தான். எஞ்சியோர் 9000 பேர். டெமொஸ்தனீஸ் நஞ்சுண்டு இறந்தார். துறைமுகத்தருகே மக்கெதோனியக் காவற்படை இருந்தது. பேரவை பின்னும் பல நூற்றாண்டுகள் கூடியது, கற்களும் பொறிக்கப்பட்டன, பழைய தலைப்பு வாசகமும், பிரேரித்தவர் பெயரும் அவ்வாறே வந்தன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை அயல்மன்னர்க்கும் அவர்தம் அலுவலர்க்கும் நன்றி கூறி முடி சூட்டும் தீர்மானங்களே.